மௌனத்துக்கு வந்த அன்பளிப்பு

நவநீதகிருஷ்ணனின் விசிட்டிங் கார்டு இரண்டு பக்கமும் அச்சடித்தது. முன்பக்கத்தில் தலைவர், கௌரவத் தலைவர், முன்னாள் தலைவர். பின்பக்கம் முழுக்க ஆலோசகர் பதவிகள். எதற்கெல்லாம் ஆலோசகர் என்று கேட்டால் அவரே கார்டைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் அருப்புக்கோட்டையில் அவர்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் பங்குனிப் பொங்கல் வந்துவிட்டால் மைக் அவர் கையில்தான். மனதார அவருக்குப் பிடித்த பதவி அது ஒன்றுதான். அது கார்டில் இல்லை.

அந்த நெசவாளர் தெருவில் வீட்டுக்குள் கன்னடம், வெளியே வந்தால் தமிழ். நவநீதகிருஷ்ணனுக்கு மட்டும் உள்ளேயும் வெளியேயும் மேடைத் தமிழ். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சட்னியைக்கூட 'வழங்குமாறு' கேட்டுக்கொள்வார். அவர் மனைவி அதை 'ஏற்று' வழங்குவார்.

அவருடைய தங்கை சங்கரியின் மகள் தேவிபிரியா சென்னையில் எம்.ஏ. இசை படித்தாள். பாடுவதற்கல்ல, இசையமைப்பதற்கு. இந்த வித்தியாசத்தை ஊருக்கு விளக்கி விளக்கி அவள் அப்பா லிங்கத்துக்கு வாய் வலித்துவிட்டது.

"சினிமாவுக்கா படிக்கா?" என்று கேட்டாள் எதிர்வீட்டுப் பேச்சி.

"இல்லத்தா."

"அப்ப பாட்டு டீச்சரா?"

"அதுவும் இல்ல."

"பின்ன என்னத்துக்குத்தான் லிங்கண்ணே?"

லிங்கம் பவர்லூம் ஓட்டுகிறவர். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்பதால் பிடிக்காத கேள்விகள் காதில் விழாதது போல இருக்கும் வசதி அவருக்கு உண்டு. அன்றைக்கும் அதைப் பயன்படுத்திக்கொண்டார்.

கடைசி ஆண்டில் தேவிபிரியா பத்து நிமிடத்துக்குக் குறையாமல் சொந்தமாக ஓர் இசை எழுத வேண்டும். அதைப் பொதுமக்கள் முன்னால் வாசித்து, எங்கும் வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக வீடியோ எடுத்துக் குறித்த தேதிக்குள் அனுப்ப வேண்டும். 'மக்களோடு இசையின் உரையாடல்' என்று இதற்குப் பெயர் வைத்தவர் துறைத் தலைவர். அவர் மக்களோடு கடைசியாக எப்போது உரையாடினார் என்பது துறையில் யாருக்கும் தெரியாது. கூடப் படித்தவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சங்கக் கூடங்களைப் பிடித்தார்கள். அங்கே மக்களும் கிடைப்பார்கள், ஏசியும் இருக்கும். தேவிபிரியா ஊருக்குப் போகிறேன் என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் எழுதியதற்குப் பெயர் 'மழைக்கு முன்'. திருச்சுழியிலிருந்து நரிக்குடிக்குப் பஸ்ஸில் போகிறபோது சில நாள் வானம் கூடி வரும். காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும். திடீரென்று எல்லாம் நிற்கும். சீமைக்கருவேல இலை அசையாது, ஆடு தலையைத் தூக்கியபடி நிற்கும், டீக்கடையில் கிளாஸைக் கழுவுகிறவன் கையை நிறுத்திவிட்டு வெளியே பார்ப்பான். பெய்யலாம். கலைந்தும் போகலாம். அந்த முக்கால் நிமிடத்தை அவள் இசைக்குள் கொண்டுவந்திருந்தாள், ஒரு சுரமும் இல்லாமல். ஏழாவது நிமிடத்தில் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். பிறகு ஒரே ஒரு வயலின், ஒரே ஒரு துளி. முன்னால் வருவதும் பின்னால் வருவதும் அந்த இடத்துக்காகப் போட்ட பந்தல். மார்க் எல்லாம் அப்புறம். இந்த மௌனத்தை இந்த ஊர் ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பொங்கல் மேடையில் இதற்கு இடம் வாங்குவது பெரிய காரியமில்லை, மாமாவிடம் ஒரு வார்த்தை போதும். மைக்கை நிறுத்துவதுதான் கஷ்டம்.

அந்த மேடையின் சம்பிரதாயம் அப்படி. எந்த நிகழ்ச்சிக்கு ஒருவர் அன்பளிப்புக் கொடுக்கிறாரோ, அந்த நிகழ்ச்சி நடக்கும்போதே அவர் பெயரை வாசிக்க வேண்டும். பாட்டு முடிந்து வாசித்தால் அது அவமரியாதை, ஆரம்பிக்கும் முன் வாசித்தால் அவசரம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் விழுந்தால்தான் பெயருக்கு மதிப்பு. சால்வையும் அப்படியே. பாடுகிறவனின் கழுத்தில் பாதிப் பாட்டில் போய் விழுந்தால்தான் போட்டவர் யார் என்று ஜனத்துக்குத் தெரியும்.

"பதினோரு நிமிஷம் நீங்க மைக்கத் தொடக்கூடாது மாமா," என்றாள் தேவிபிரியா.

"தொடாம?"

"பேரு வாசிக்கக்கூடாது. சால்வ போடக்கூடாது. பாராட்டவும் கூடாது."

"கை தட்டலாமா?"

"முடிஞ்ச பெறகு."

நவநீதகிருஷ்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எழவு வீட்டுலகூட மாலைக்குப் பேரு வாசிக்கிற ஊரு தாயி இது," என்றார். மேடைத் தமிழ் கழன்று விழுந்திருந்தது. பிறகு, "சரி. ஒனக்காக," என்றார்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தார். பெயர் முதலிலேயே வாசிக்கப்படும், மறுபடி முடிவிலும் வாசிக்கப்படும், நடுவில் மட்டும் கிடையாது, இது உலகத் தரம் என்றார். பாளையம்பட்டி மளிகைக் கடைக்காரர் உலகத் தரத்தை ஏற்கவில்லை. தன் அன்பளிப்பைப் பட்டிமன்றத்துக்கு மாற்றிக்கொண்டார். வீரசோழன் என்ற ஊரிலிருந்து துணி வியாபாரம் செய்ய வரும் சிக்கந்தர் பாய்தான் சிரித்துக்கொண்டே, "பேரு வாசிக்கலேன்னா குடுத்த காசு செல்லாமலா போயிரும்? பிள்ள நல்லா வாசிக்கட்டும்," என்றார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வாசிக்கிறவர்களுக்குக் கைகாட்ட அவள் சபைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மேடைக்கு நேர் எதிரே அம்மன் சன்னதி.

"அம்மனுக்கு முதுகக் காட்டிட்டா?" என்று பதறினாள் சங்கரி.

அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள், கமிட்டிதான் கோபித்துக்கொள்ளும் என்று லிங்கம் சொன்னார். அவர் பேசுவதே அபூர்வம் என்பதால் உடனே ஏற்றுக்கொண்டார்கள். தேவிபிரியா மேடை ஓரத்தில், பக்கவாட்டில் நிற்பது என்று முடிவாயிற்று. அங்கே நின்றால் மைக் பிடித்து நிற்கிற மாமாவுக்கு அவள் முகம் தெரியும். அப்போது அது யாருக்கும் ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

சென்னையிலிருந்து கூடப் படிக்கிற நான்கு பேர் வந்தார்கள். அதில் மாரிச்செல்வம் மட்டும் இந்தப் பக்கத்துக்காரன், நரிக்குடி. அவனுடைய தாத்தா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவன் காலத்தில் வயலின். நரிக்குடியில் இதை முன்னேற்றம் என்று சொல்கிறவர்களும் உண்டு, இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அந்த ஒரு துளியை வாசிக்கப் போகிறவன் அவன்.

லிங்கத்தின் வீட்டு மொட்டை மாடியில் ஒத்திகை முடிந்து இறங்கும்போது அவன் கேட்டான்:

"ஏய், நடுவுல சும்மா நிப்போம்னு ஒன் மாமாகிட்டச் சொல்லிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"சொன்னா அந்த எடத்துல என்ன வைக்கலாம்னு யோசிக்க ஆரம்பிச்சிருவாரு. காலி எடத்தப் பாத்தா அவருக்குக் கை நிக்காது."

"பாவம், மனுசன் வீடு வீடா அலையுறாரு. சொல்லிரு."

"மைக்கத் தொடமாட்டேன்னு சொல்லிட்டாரு. சொன்னாச் சொன்னதுதான்."

அவள் சொன்னது சரிதான். நவநீதகிருஷ்ணன் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர். அவரை நம்பியவள், விஷயத்தைச் சொல்லுமளவுக்கு மட்டும் நம்பவில்லை.

விளக்கு வைத்த நேரத்தில் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் சின்னப்பிள்ளைகளின் டான்ஸ் முடிந்திருந்ததால் தெரு முழுக்க விசில் மிச்சமிருந்தது. 'மழைப் பாட்டு' என்று அறிவித்துவிட்டு, பெயர்களை மூச்சுவிடாமல் வாசித்து முடித்து, மைக்கை அணைத்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேடையின் மறு ஓரத்துக்குப் போனார் நவநீதகிருஷ்ணன். மைக் செட்காரன் பாண்டிராஜ் செட்டின் பின்னாலிருந்து அவரைப் பார்த்தான். அவர் மைக்கை வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பதை அவன் பார்ப்பது முதல் தடவை.

முதலில் ஜனத்துக்குப் புரியவில்லை. பாடுகிறவர் யார் என்று தேடினார்கள். பாட்டே வராது என்று தெரிந்ததும் சிலர் எழுந்து பொரிக் கடைப் பக்கம் போனார்கள். ஆனால் காற்று ஆரம்பித்தபோது, இரண்டு வயலின்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடி, மிருதங்கம் தூரத்து இடி போல் உருண்டபோது, போனவர்கள் பொரிப் பொட்டலத்தோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒரு கிழவர் தன்னையறியாமல் வானத்தைப் பார்த்தார். தேவிபிரியா ஓரக்கண்ணால் அதைக் கண்டாள். சென்னையில் எந்தச் சங்கக் கூடத்திலும் ஒருவரும் மேலே பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே மேலே பார்த்தால் ஃபேன்தான் தெரியும்.

வாத்தியங்கள் ஒவ்வொன்றாக மெலிந்து நின்றன. அவள் இரு கைகளையும் தூக்கியபடி கண்களை மூடினாள்.

தெரு நின்றது. உண்மையிலேயே நின்றது. குழந்தைகள்கூட அடுத்தது என்ன என்று பார்த்தன.

நவநீதகிருஷ்ணன் மருமகளின் முகத்தைப் பார்த்தார். மூடிய கண்கள், அந்தரத்தில் நிற்கும் கைகள், நெற்றியில் வியர்வை. அவருக்கு வேறொரு மேடை ஞாபகம் வந்தது. அவள் மூன்றாம் வகுப்புப் படித்தபோது பள்ளி ஆண்டு விழா. தமிழ்த்தாய் வேடத்தில் இதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு வசனம் மறந்துபோய் நின்றாள். பிள்ளைகள் சிரித்தன. உதவிக்கு ஒருத்தரும் எழுந்து போகவில்லை. கூட்டத்திலிருந்து அவர்தான் மேடைக்கு ஓடி மைக்கைப் பிடுங்கி, "ஒலிபெருக்கியில் பழுது" என்று சொல்லி, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். வீடு போகும்வரை அவள் அழுத ஈரம் அவர் சட்டையில் இருந்தது.

வாக்குக் கொடுத்திருந்தார்தான். ஆனால் ஊரே பார்க்க வீட்டுப்பிள்ளை திகைத்து நிற்கும்போது வாக்கு என்ன வாக்கு.

"அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே," என்றது ஒலிபெருக்கி. "ஒலிபெருக்கியில் ஏற்பட்ட ஒரு சிறு கோளாறு காரணமாக இசை தடைபட்டுள்ளது. எங்கள் வீட்டுப் பிள்ளை தேவிபிரியா எதையும் மறந்துவிடவில்லை. எதையும் மறந்துவிடவில்லை என்பதை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறோம். இந்த இடைவேளையில், இந்நிகழ்ச்சிக்கு அன்பளிப்பு வழங்கிய வீரசோழன் ஜவுளி வியாபாரி சிக்கந்தர் பாய் அவர்களுக்கும்..."

தன் செட்டில் கோளாறு என்று கேட்டதும் பாண்டிராஜ் பதறி எல்லா ஒயரையும் ஆட்டிப் பார்த்தான். தேவிபிரியா கண்ணைத் திறந்தாள். கைகளை இறக்கவில்லை, இறக்கினால் எல்லாம் முடிந்துவிடும். நான்கு பேரும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை முடிந்த இடத்தில் மாரிச்செல்வத்தின் ஒற்றைத் துளி, "பலத்த கரகோஷம் எழுப்புமாறு" என்பதற்குள் விழுந்தது. ஜனம் கரகோஷம் எழுப்பியது. வாத்தியங்கள் மறுபடி எழுந்ததைப் பார்த்ததும் நவநீதகிருஷ்ணன் கண்கலங்கி மைக்கை அணைத்தார். பிள்ளையைக் காப்பாற்றியாயிற்று.

முடிந்ததும் மாரிச்செல்வம்தான் அவரிடம் போனான்.

"அவ மறக்கல சார். அந்த எடம் அப்பிடித்தான். சும்மா இருக்கணும்."

"சும்மாவா?"

"ஆமா. அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"ஒண்ணுமில்லாதத எப்பிடிப்பா எழுதுவாக?" என்றார் அவர். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு தெரிந்தது. மேடைப் படியில் உட்கார்ந்தார். அடுத்து பட்டிமன்றம், நடுவரை அறிமுகம் செய்ய வேண்டும். கமிட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சைகை காட்டி மைக்கை அவர்களிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் தங்கை வீட்டுப் பக்கம் வரவில்லை.

மறுபடி வாசிக்க வழியில்லை. மறுநாள் வீடியோவை அனுப்பக் கடைசி நாள், மற்றவர்களுக்குப் பஸ். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம் என்றான் மாரிச்செல்வம். வெட்டினால் விதிப்படி செல்லாது. இருந்தபடியே அனுப்பினாள். தேர்ச்சி பெற்றால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

நேர்காணலுக்குத் துறைத் தலைவரோடு வெளியூர் நிபுணர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். இருவருடைய கண்களும் ஈரமாக இருந்தன. தேவிபிரியா பயந்துபோனாள்.

"ஏழாவது நிமிடத்தில் அந்தக் குரல்," என்றார் தலைவர். "இயற்கையின் மௌனத்தை அதிகாரத்தின் பேரொலி ஆக்கிரமிக்கிறது. அன்பளிப்புப் பட்டியலையே ஒரு வாத்தியமாக்கியிருக்கிறீர்கள். அதற்கடியிலிருந்து அந்த ஒற்றை வயலின்... இத்தனை ஆண்டுகளில் நான் இப்படி ஒரு துணிவைக் கண்டதில்லை."

நவநீதகிருஷ்ணன் அங்கே இருந்திருந்தால், தன்னளவுக்குப் பேசக்கூடிய ஒருவர் சென்னையிலும் இருக்கிறார் என்று மகிழ்ந்திருப்பார்.

நிபுணர் அவள் எழுதிக் கொடுத்திருந்த தாள்களைப் புரட்டினார். "இங்கே வெறும் மௌனம் என்றுதானே குறித்திருக்கிறீர்கள். குரலுக்கு ஒன்றும் எழுதவில்லையே?"

அது விபத்து என்று சொல்லிவிடலாம். அது என் மாமா, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துப் பேசிவிட்டார் என்று சொல்லலாம். சொன்னால், எழுதியது வாசிக்கப்படவே இல்லை என்று ஆகும். இன்னொரு ஆண்டு, இன்னொரு மேடை. தறி ஓட்டுகிற அப்பாவிடம் இன்னொரு தடவை விளக்க வேண்டும்.

"தானா என்ன வருதோ வரட்டும்னு விட்ட எடம் சார்," என்றாள்.

"அதுதான்," என்றார் நிபுணர், இருபது ஆண்டாகத் தேடியது கிடைத்தவர் போல. "மக்களுக்காகத் திறந்துவிடப்பட்ட இடம்."

வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அறையை விட்டு வெளியே வந்தவள் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றாள். யாராவது வாழ்த்த வந்தால் என்ன சொல்வது என்று தெரியாமல் பின்வாசல் வழியாகப் போனாள். அந்த முக்கால் நிமிடம் இனி எங்கே வாசிக்கப்பட்டாலும் யாராவது ஒருவர் மைக்கோடு வர வேண்டும். அப்படித்தான் அது என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

ஊருக்கு வந்ததும் மாமா வீட்டுக்குப் போனாள். வேட்டி, பனியனோடு நாற்காலியில் இருந்தார். அவளைக் கண்டதும் எழப் போனவர் எழாமல் உட்கார்ந்தார்.

"வா தாயி. ரிசல்ட்டு வந்திருச்சாமே."

"மொத மார்க்கு மாமா."

"நல்லாயிரு." அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் பேசுனது அவுகளுக்கு அதுல கேட்டுச்சா?" என்றார்.

இந்த ஒரு கேள்விக்காவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"நல்லாக் கேட்டுச்சு. அதுக்குத்தான் மார்க்கே போட்டாக. அதுதான் இதோட உசுரு, அதிகாரத்தோட குரலு, பெரிய துணிவுன்னாக."

நவநீதகிருஷ்ணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கேலி பண்ணு. எனக்கு வேணுந்தான்."

"நெசமா மாமா. அவுக சொன்ன வார்த்தைய அப்பிடியே சொல்றேன்."

"நீ அன்னைக்கே நாலு வார்த்த திட்டியிருந்தா வாங்கிக்கிட்டு, ஒறங்கி எந்திரிச்சிருப்பேன். ஏன்யா இப்பிடிச் செஞ்சேன்னு கேட்டிருக்கலாம். இப்பிடிப் படிச்சவுக மாதிரி சிரிச்சுக்கிட்டே குத்துறியே தாயி."

அவள் சிரிக்கவில்லை. சத்தியம் செய்யச் செய்ய அது இன்னும் கேலியாகவே அவருக்குக் கேட்டது. துறைத் தலைவர் பேசியதைத் திருப்பிச் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் கேட்கும்.

"நாந்தான் மாமா ஒங்ககிட்டச் சொல்லியிருக்கணும்," என்றாள் கடைசியில். "நடுவுல சும்மா நிப்போம்னு."

"ஏன் சொல்லல?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. இந்த முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

அத்தை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் டம்ளரை எடுக்கவில்லை.

"அந்த எடத்த மட்டும் எனக்கு ஒருக்க வாசிச்சுக் காட்டுறியா?" என்றார். "அந்தச் சும்மா இருக்க எடத்த. நான் பேசாமக் கேக்குறேன்."

"அத மட்டும் வாசிக்க முடியாது மாமா. முன்னாடி உள்ளதெல்லாம் வாசிச்சாத்தான் அது வரும்."

"அந்தப் பிள்ளைகளக் கூப்பிடு. வந்து போற செலவெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

"ஆளுக்கொரு பக்கம் போயிட்டாக. மாரிச்செல்வம் கல்ஃபுல ஒரு ஹோட்டலுக்கு வாசிக்கப் போறான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அது அந்த மௌனம் இல்லை. அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.